பின் சீட்டுக்கு வாரண்டி கிடையாது

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மின்விசிறிச் சத்தத்தில் பாதி வார்த்தை போய்விடும். தஞ்சாவூர் புறவழிச் சாலையில் பழைய சொகுசு கார்கள் விற்கும் அடைக்கலராஜும், அவரிடம் ஒன்றை வாங்கிப் போன விவசாயி இளஞ்செழியனும் ஒரு பட்டப்பகலில் பேசிக்கொண்டதைத்தான் சொல்லப்போகிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் நான் வாய் திறக்கமாட்டேன்.

— இன்ஜினுக்கு ஒரு வருஷம், கியர்பாக்ஸுக்கு ஒரு வருஷம். அவ்வளவுதான் தம்பி வாரண்டி. சீட் பெல்ட்டு கத்துறதெல்லாம் அதுல வராது.

— விக்கும்போது அப்படியாண்ணே சொன்னீங்க? "கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க, நான் இருக்கேன்"னீங்க.

— இருக்கேன்ல? எதிர்லதான உக்காந்திருக்கேன். மோர் சாப்பிடுங்க.

— மோரு கிடக்கட்டும். பின் சீட்டு, இடது பக்கம். ஆளே கிடையாது. பெல்ட்டு போடு, பெல்ட்டு போடுன்னு உயிர வாங்குது.

— எதாச்சும் வச்சிருப்பீங்க. உர மூட்டை, கிர மூட்டை...

— இவ்வளவு பெரிய காருல உர மூட்டை ஏத்துவனா?

— உங்க ஊர்க்காரர் ஒருத்தர் நாத்துக்கட்டே ஏத்தினாரு. சேத்தோட.

— விளையாடாதீங்கண்ணே. அனுராதா அந்தக் கார விட்டு எறங்க மாட்டேங்கறா.

— வீட்டம்மாவா?

— காலையில பின்னாடி ஏறி உக்காந்தா, விளக்கு வைக்கிற வரைக்கும் அங்கதான். சோறும் அங்கதான். அவளுக்கு எதாச்சும் ஆயிருமோன்னு தோணுது. அதான் ஓடி வந்தேன்.

— ஏசி சுகமா இருக்கும்ல, அதான்...

— ஏசியா? வண்டி கொட்டகையில நிக்குது. சாவி என் சட்டைப் பையில. அப்பவும் கத்துது.

— பேட்டரி. பேட்டரி வீக்கானா இப்படித்தான்...

— காலு வைக்கிற மேட்டு சொதசொதன்னு இருக்கே, அதுவும் பேட்டரியா? சித்திரை வெயில்ல காயப்போட்டு எடுத்து வச்சேன். மறுநாளு பிழிஞ்சா தண்ணி. அடியில பாத்தா நெல்லு. முளை விட்டிருக்கு.

— விவசாயி காருல நெல்லு முளைக்காம முருங்கையா முளைக்கும்? உங்க வேட்டியில ஒட்டிட்டு வந்திருக்கும்.

— நான் போட்டது பொன்னி. இது குண்டு ரகம். நேராவே கேக்குறேன். இது தண்ணியில விழுந்த வண்டியா?

— வெள்ளத்துல நின்ன வண்டிய நான் தொடறதே இல்ல தம்பி. மாதா மேல ஆணையா...

— நின்னுச்சான்னா கேட்டேன்? விழுந்துச்சான்னு கேட்டேன்.

— ...கண்ணாடி கிண்ணாடி ஒழுகுதா? ஆள அனுப்பிப் பாக்கச் சொல்றேன்.

— ஒழுகல. உள்பக்கம் ஆவி படியுது. அந்தப் பக்கத்துக் கண்ணாடியில மட்டும், கீழ் ஓரத்துல. துடைக்கத் துடைக்க வருது. உள்ளேருந்து யாரோ மூஞ்ச ஒட்ட வச்சிக்கிட்டு...

— போதும்.

— என்ன போதும்?

— போதும்னேன்ல. வயர வெட்டி விட்டுடறேன். வாரண்டியில இல்லாட்டியும் நானே செஞ்சு தரேன். சத்தம் அடங்கிரும். சரிதான?

— ஐயையோ, வெட்டக் கூடாது!

— அட, இப்பத்தான கத்துதுன்னு...

— அதுல கை வச்சிராதீங்கண்ணே. நான்தான் சுத்தி வளைச்சுப் பேசிட்டேன். அந்தச் சத்தம் நிக்கவே நிக்காதுன்னு எழுதிக் குடுங்க. அந்த வாரண்டிதான் எனக்கு வேணும்.

— என்ன தம்பி உளறறீங்க?

— எங்க புள்ள பொறந்த அன்னைக்கே போயிருச்சு. அன்னைக்கு மூடின வாயி, அனுராதா தொறக்கவே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனோம், நாகூர் தர்காவுக்குப் போனோம், ஒத்தச் சொல்லு கிடையாது. இந்தக் காருக்குள்ள பேசறாண்ணே.

— யாருகிட்ட?

— பக்கத்துச் சீட்டுகிட்ட. பெல்ட்ட இழுத்துப் போட்டு விடறா. டக்குனு சத்தம் நின்னுருது. பருப்புச் சோத்தப் பிசைஞ்சு வச்சிக்கிட்டு, "இந்த ஒரு வாயி, என் தங்கம்ல"ங்கறா. நேத்து சிரிச்சா. அவ சிரிப்பு எப்படி இருக்கும்னே எனக்கு மறந்து போயிருந்துச்சு.

— உங்களுக்குப் பயமா இல்லையா?

— இல்லாம? கொட்டகைப் பக்கம் தனியாப் போவ மாட்டேன். ஆனா அது போயிருமோன்னு நெனச்சா, அது இன்னும் பெரிய பயமா இருக்கு. போயிட்டா இவ பழையபடி கல்லாயிருவா... எத்தன வருஷம் தாங்கும்ணே? அதச் சொல்லுங்க.

— பேரு... பேரு எதாச்சும் சொல்லிக் கூப்பிடறாங்களா உங்க வீட்டம்மா?

— லின்சிங்கறா. எங்க சாதிசனத்துல அப்படி ஒரு பேரே கிடையாது. எங்கதான் புடிச்சாளோ. அண்ணே, மோரு சட்டையில ஊத்துது பாருங்க.

— ...வெயிலு. தலைய சுத்துது.

— எழுத வேணாம், வாயாலயாச்சும் சொல்லுங்க. நான் இருக்கேன்னீங்கள்ல?

— அதுக்கு நான் எப்படித் தம்பி வாரண்டி சொல்லுவேன்? எனக்கே அது கிடைக்கல.

— உங்களுக்கா? புரியலண்ணே.

— ஆர்சி புக்குல கடை பேரு இருந்துச்சே, பாத்தீங்கள்ல. நான் ஓட்டின வண்டி அது. அறுப்பு நேரம். ரோடு பூரா நெல்லு காயப் போட்டிருந்தாங்க. பைக்குன்னா வழுக்கும், இது பெரிய வண்டி, என்ன செஞ்சிரும்னு ஏத்திட்டேன். சறுக்கி வாய்க்கால்ல விழுந்துருச்சு, நெறையத் தண்ணி.

— அண்ணே...

— நான் கரையேறிட்டேன். என் மக லின்சி ஏறல. வண்டியச் சரி பண்ணி எடுத்துட்டு வந்து, தெனம் அதுல போயி உக்காந்தேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கத்தும்னு. எனக்குக் கத்தவே இல்ல தம்பி. அதான் வித்தேன்.

— நான் அனுராதாகிட்ட என்ன சொல்லட்டும்?

— பருப்புச் சோத்துல நெய் ஊத்தச் சொல்லுங்க, இல்லாட்டித் துப்பிருவா. அப்பறம்... அந்தப் பின் கதவுல சைல்டு லாக்க மட்டும் போட்டுறாதீங்க, உள்ளேருந்து தொறக்க வராது. அன்னைக்கு நான் போட்டிருந்தேன்.

இதைக் கேட்ட உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும். வெளியே போன பிள்ளைகள் பொழுதோடு திரும்பட்டும்; உங்கள் கதவுகள் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் எளிதாய்த் திறக்கட்டும்.