கிளிஃப் வார்த்த ஈயம்

டிசம்பர் மாதம். மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது. மூடிப்போன சரளைக் குவாரிக்குப் போகும் மண்பாதையில் ஒரே ஒரு கார்... அதில் ரேமண்ட். என் நண்பன் பில்லின் மனைவிக்கு அவர் சித்தப்பா. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

அந்தக் குவாரியில் தண்ணீர் நிறைந்து ஏரியாகி வெகு காலமாகிறது. பெரிய பெரிய கெண்டைகள் கிடக்கும். ரேமண்டும் கிளிஃபும் வாலிபத்திலிருந்தே அங்கே ஒன்றாகத் தூண்டில் போட்டவர்கள். மார்ச்சில் கிளிஃப் போய்ச் சேர்ந்தார். இப்போது, விடிந்தால் ரேமண்டுக்கு விமானம். ஆஸ்திரேலியாவில் மகளோடு இருந்துவிடுவதாக ஏற்பாடு. கடைசியாக ஒரு தடவை உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்.

இரண்டு தூண்டில்களை வீசி, கோல்களைக் கரையில் நிறுத்தினார். ‘பின் ஈயம்’ என்பதை மட்டும் போடவில்லை. வீசி முடித்ததும் கோல் நுனியருகே தூண்டில் நரம்பில் கொக்கியால் மாட்டி, வழுக்கி இறங்கவிடும் சிறு கட்டி அது. நரம்பை அடித்தரையோடு அமுக்கிவிடும். மீன் மிரளாது, அன்னத்தின் காலில் சிக்காது. அந்த வேலை எப்போதும் கிளிஃபுடையது. வீட்டுச் சட்டியில் அவரே ஈயம் வார்த்து, மஞ்சள் டேப் சுற்றி வைப்பார். மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிக்கொள்வார்.

“என்னய்யா, துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கியா? நகரு,” என்பார் கிளிஃப், விறைத்து நிற்கும் நரம்பைப் பார்த்து.

“நீதான் இருக்கியே. நான் எதுக்குக் குனியணும்?” என்பார் ரேமண்ட்.

மிச்சமிருந்த மூன்று ஈயத்தையும் சவப்பெட்டியில், கிளிஃபின் கோட்டுப் பையில் போட்டவர் ரேமண்ட்தான்.

இப்போது நரம்பு விறைப்பாகவே நிற்கட்டும் என்று விட்டுவிட்டார். அன்னம் உரசினாலும் கோலில் இருக்கும் அலாரம் கத்தும். அந்தச் சத்தமாவது துணைக்கு இருக்கட்டுமே. அவ்வளவு தனிமை மனுஷனுக்கு.

பீப்... சற்றுப் பொறுத்து இன்னொரு பீப். பிறகு ஒன்றுமில்லை. அன்னங்கள் நரம்பின் மேலேயே நீந்திப் போகின்றன... அலாரம் வாயைத் திறக்கவில்லை. தலைவிளக்கைப் போட்டுப் பார்த்தார். இடது கோலின் நரம்பு நுனியிலிருந்து செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது.

வலது கோல் இன்னும் விறைப்பாக... பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ‘டக்’. கொக்கி மாட்டும் சத்தம். நரம்பில் ‘ஸ்ஸ்’ என்று ஏதோ வழுக்கிப் போனது. ‘ப்ளக்’. அதுவும் படிந்துவிட்டது. ஈரக் கம்பளி வாடை. அதோடு, கிளிஃப் வாயில் எப்போதும் கிடக்கும் புதினா மிட்டாய் வாடை.

“கிளிஃப்,” என்று கூப்பிட்டார்.

இரண்டு நரம்பையும் சுற்றி இழுத்தார். ஒவ்வொன்றிலும் மஞ்சள் டேப் சுற்றிய ஈயம். கோல் இரண்டுதான்... பெட்டியில் போட்டதோ மூன்று. இங்கே இருக்கவே கூடாது என்று எழுந்தார். வலது கால் வரவில்லை.

அப்பா வந்து இறங்கவில்லை என்று மகள் ஜூலி போன் செய்த பிறகுதான் பில் தேடிக்கொண்டு போனான். ரேமண்ட் அதே நாற்காலியில் இருந்தார். இரண்டு தூண்டிலும் மறுபடி வீசப்பட்டிருந்தன. நரம்புகள் பதவிசாகத் தரையோடு படிந்திருந்தன.

“மாமா, ஜூலி அங்கே அழுதுட்டிருக்கா. எந்திரிங்க, போலாம்.”

“எனக்கு மட்டும் ஆசை இல்லையா மாப்ள? விட மாட்டேங்கிறான்,” என்று காலைக் காட்டினார்.

பூட்ஸ் கயிற்றில் ஒரு ஈயக்கட்டி மாட்டியிருந்தது. கட்டைவிரல் அளவுதான். கழற்றிவிடலாம் என்று பில் குனிந்து தொட்டான். புல், நாற்காலி, கிழவரின் கால்சட்டை எல்லாவற்றிலும் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது... அந்த ஈயம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.