கணவன் ஊரில் இல்லாத நேரம்

பெயர் வைப்பதில் எனக்குக் கொஞ்சம் கைராசி உண்டு, இன்ஸ்பெக்டர் சார். காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு பதிப்பகம் நடத்துகிறவனுக்கு வேறு என்ன மூலதனம்? கடைக்கு வருகிறவன் அட்டையை மூன்று நொடி பார்ப்பான். அதற்குள் அவன் மனதில் ஒரு கதை ஓடிவிட வேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் அப்புறம்.

அஸ்ஃபியா கொண்டுவந்த நாவலுக்குக் 'கோட்டுச்சேரி ரோடு' என்று பெயர். அட பாவமே, யார் வாங்குவார்கள்? கணவன் ஷார்ஜாவில் இருக்க, மாமியார் வீட்டில் மகளோடு இருக்கும் ஒருத்தி ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், அவ்வளவுதான் கதை. விழுகிறாள், முழங்கால் சிராய்க்கிறது, மறுபடி ஏறுகிறாள். அவர் தன் வாழ்க்கையைத்தான் எழுதியிருந்தார். தப்பாக ஒரு வரி கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிழை திருத்திக் கடைசிப் படியை அவர் திருப்பித் தந்த பிறகு, அட்டையில் 'கணவன் ஊரில் இல்லாத நேரம்' என்று போட்டேன். உள்ளே ஒரு எழுத்தைக்கூட நான் தொடவில்லை. அட்டையைப் படமெடுத்து, வளைகுடாவில் இருக்கும் நம்மூர் ஆட்களின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பியதும் நான்தான். கல்யாணம், மய்யித்து அடக்கம், தர்கா கந்தூரி எல்லாவற்றையும் அவர்கள் அதில்தான் பார்க்கிறார்கள். அட்டை போகும், புத்தகம் போகாது என்று எனக்குத் தெரியும். அவர் கணவர் ஜவஹர் அலி அந்தக் குழுவில் இருக்கிறார் என்பதும் தெரியும்.

பத்தே நாளில் முதல் பதிப்பு தீர்ந்தது. வாங்கியவர்களில் பாதிப் பேர் ஏமாந்திருப்பார்கள், பாவம்.

அந்த வாரமே மாமியார் வீட்டில் அஸ்ஃபியாவை வெளியே அனுப்பிவிட்டார்கள். மகளை விடவில்லை. என் அலுவலகத்துக்கு மூன்று தடவை வந்தார். ஒரு தடவைகூட நாற்காலியில் உட்காரவில்லை.

"எம் புள்ளைய கண்ணுல காட்ட மாட்டேங்கறாங்க சார். ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. அந்தப் பேரை நான் வைக்கல, நீங்கதான் வச்சீங்கன்னு. அது போதும், அவுஹ நம்பிடுவாஹ."

"அவசரப்படாதீங்கம்மா. நாலு நாளு பேசுவாங்க, அப்பறம் ஓஞ்சிடுவாங்க" என்றேன்.

எழுதியவரே தலைப்பு தன்னுடையதில்லை என்று சொல்லிவிட்டால் புத்தகம் படுத்துவிடும், சார். இரண்டாம் பதிப்பு அப்போதுதான் அச்சிலிருந்து வந்திருந்தது.

முந்தாநாள் காலையில் காரைக்கால்மேட்டு மீனவர்கள் அவர் உடலைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கேள்விப்பட்டதிலிருந்து எனக்கும் மனசு சரியில்லை. சோறு இறங்கவில்லை.

ஆனால் என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அவர் கேட்ட கடிதத்தை அவர் வந்த முதல் நாளே எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, இதோ இந்த இழுப்பறையில்தான் இருக்கிறது. இன்னும் இருநூறு பிரதிதான் பாக்கி. அதுவும் போனதும் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தேன்.