இரண்டு மணி நேரக் கொடி

நாற்காலி வேண்டாம், நின்றுகொண்டே சொல்கிறேன். ஓடுகிறவர்களுக்கு உட்காருவதுதான் கஷ்டமான காரியம். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரே இருப்பவருக்குக் கடைசி வரி தெரிகிறதா என்று கேட்பது என் தொழில். அதிலிருந்து தப்பிக்கத்தான் நாற்பது வயதில் ஓட ஆரம்பித்தேன். இப்போது நாற்பத்தாறு. ஒரு நாள் ஓடாவிட்டால் கால் சும்மா இருக்காது; சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். "உங்க பக்கத்துல உக்காந்தா பஸ்ல போற மாதிரி இருக்கு" என்பாள் மனைவி. நான் ஓடிப் பதினோரு நாள் ஆகிறது. அதனால் குறுக்கும் நெடுக்கும் நடந்தால் தப்பாக நினைக்காதீர்கள்.

மச்சினனை ஓட்டத்துக்குக் கூட்டி வந்தது நான்தான். மனைவியின் ஒரே தம்பி, ஃபிரிட்ஜ் மெக்கானிக். "அவனையும் கூட்டிட்டுப் போங்களேன். அவன் வர்றதுக்கு முன்னாடி அவன் தொப்பை வீட்டுக்குள்ள வருது" என்று அவள் கேட்டுக்கொண்டாள். முதல் ஜோடி ஷூ என் செலவு. கயிறு கட்டுவது, மூச்சு விடுவது, எப்போது தண்ணீர் குடிப்பது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கழுத்துக் கணக்கையும் சொல்லிக்கொடுத்தேன். ஓடுகிறவர்கள் நடுவில் அது பிரபலம்: சளி, தும்மல் என்று தொந்தரவு கழுத்துக்கு மேலே இருந்தால் மெதுவாக ஓடலாம், நெஞ்சு, உடம்பு என்று கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் கூடாது, காய்ச்சல் என்றால் ஷூவையே தொடக் கூடாது.

எட்டே மாதத்தில் அவன் ஹாஃப் மாரத்தானை, அதாவது இருபத்தோரு கிலோமீட்டரை, ஒரு மணி நாற்பத்தொன்பது நிமிடத்தில் முடித்தான். ஆறு வருடம் இனிப்பைத் தொடாமல், கல்யாணங்களுக்குப் போனால் ஒன்பது மணிக்குள் கிளம்பி வந்து, நான் எட்டிய நேரம் ஒரு மணி ஐம்பத்திரண்டு.

எனக்குப் பொறாமை இல்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் அசௌகரியம், அவ்வளவுதான். அவன் தலைகால் தெரியாமல் ஆடியிருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுத் தூங்கியிருப்பேன். அவனோ பார்க்கிறவர்களிடமெல்லாம் "எல்லாம் மாமா சொல்லிக் குடுத்தது" என்று என்னைக் கட்டிப்பிடித்தான். வேர்வையோடு. என் மெடல்கள் ஹாலில் ஒரு கம்பியில் தொங்கும். மனைவி அவன் மெடலை வாங்கி நடுவில் மாட்டி ஒரு போட்டோ எடுத்தாள். "ஒரு நாளைக்குத்தாங்க" என்றாள். அது மூன்று வாரம் தொங்கியது. தினமும் காலையில் அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் நான் ஷூ போட வேண்டும்.

நான் தூரத்தைக் கூட்டினேன். முட்டி வலித்தது. நேரம் அசையவில்லை. கடையில் ஒருவருக்கு இடது கண் பவரை வலது கண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்; அவர் இரண்டு நாள் தலைவலியோடு அலைந்துவிட்டு வந்து திட்டினார். திட்டியது சரிதான்.

பதினோரு நாளுக்கு முன்னால் நடந்த ஹாஃப் மாரத்தான் போட்டியில் நான் பேசர். வேகம் காட்டுகிறவன். முதுகில் ஒரு கொடி கட்டியிருக்கும், அதில் '2 மணி' என்று எழுதியிருக்கும். கொடிக்குப் பின்னால் வருகிறவர்கள் இரண்டு மணி நேரத்தில் முடிக்க விரும்புகிறவர்கள். அவர்கள் தங்கள் வாட்சைப் பார்ப்பதில்லை. கொடியைப் பார்ப்பார்கள். அதுதான் வழக்கம், கொடி போகிற வேகம்தான் சரியான வேகம்.

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் மச்சினன் போன் செய்தான்.

"மாமா, மூணு நாளா காய்ச்சல். நேத்துதான் இறங்குச்சு. நெஞ்சுல என்னமோ பாரமா இருக்கு. இந்தத் தடவை விட்டுடட்டுமா?"

"மூக்கு ஒழுகுதா?" என்று கேட்டேன்.

"லேசா."

"அப்ப கழுத்துக்கு மேலதான். பயப்படாத. உன் வேகத்துல ஓட வேணாம், என் கொடிக்குப் பின்னாடி வா. ரெண்டு மணி நேரம்னா உனக்கு அது நடைப்பயிற்சி."

அவன் சிரித்தான். "நீங்க சொன்னா சரி மாமா."

நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. எங்கள் ஓட்டக் குழுவுக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். கேப்டன் என்று கூப்பிடுவோம். ஆறு மாதத்துக்கு முன்னால் அவர் ஒரு இதய நிபுணரை அழைத்துப் பேச வைத்தார். காய்ச்சலோடு ஓடினால் கிருமி இதயத் தசைக்கு இறங்கலாம், ஆளையே சாய்த்துவிடலாம் என்று அந்த நிபுணர் படம் போட்டு விளக்கினார். கூட்டக் குறிப்பு எழுதியது நான். மச்சினன் அன்றைக்கு யாருடைய ஃபிரிட்ஜையோ பழுது பார்க்கப் போயிருந்தான்.

காலையில் வந்தான். கண் சிவந்திருந்தது. கை கொடுத்தபோது சுட்டது. "மாத்திரை போட்டுட்டேன் மாமா" என்றான். அவன் வாட்ச், இதயத் துடிப்பு எல்லை மீறினால் மணிக்கட்டில் அதிரும். அதைக் கழற்றித் தரச் சொன்னேன். "இது இருந்தா நீ துடிப்பையே பாத்துட்டு இருப்ப. என் கொடிய மட்டும் பாரு." கழற்றிக் கொடுத்தான். இடுப்புப் பையில் போட்டுக்கொண்டேன். இதோ, இதுதான்.

பத்தொன்பது பேர் என் பின்னால் கிளம்பினார்கள். முதல் இரண்டு கிலோமீட்டர் சரியான வேகம். பிறகு ஒவ்வொரு கிலோமீட்டரிலும் சில விநாடி குறைத்து வேகத்தைக் கூட்டினேன். "சார், ரெண்டு மணிக் கொடிதானே இது?" என்று ஒரு அம்மா மூச்சு வாங்கக் கேட்டார். "முன்னாடி பாலம் இருக்கு, ஏறும்போது நேரம் போயிடும். இப்பவே கொஞ்சம் சேத்து வைக்கிறோம்" என்றேன். ஒவ்வொருவராகக் கழன்றார்கள். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் என் பின்னால் ஒரே ஒரு ஜோடிக் கால்தான் கேட்டது.

"மாமா, வேகமாப் போறோமோ?"

"இல்ல. காய்ச்சல் விட்ட உடம்பு, உனக்கு அப்படித்தான் தோணும்."

மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் அதையே சொன்னேன். அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. 'முடியல' என்ற ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வர வேண்டும், அதை நான் கேட்க வேண்டும். வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே நின்று, தோளைத் தாங்கிக் கூட்டி வந்திருப்பேன். பாலத்தில் ஏறும்போது அவன் மூச்சு, தண்ணீர் அடைத்த குழாய் மாதிரி சத்தம் போட்டது. அப்போதும் சொல்லவில்லை. பதினெட்டாவது கிலோமீட்டர் பலகை தாண்டியதும், "நீங்க போங்க மாமா, பின்னாடியே வந்துர்றேன்" என்றான்.

பிறகு காலடிச் சத்தம் நின்றது. விழுந்த சத்தம் கேட்டது. யாரோ கத்தினார்கள்.

நான் திரும்பவில்லை. பேசர் யாருக்காகவும் நிற்கக் கூடாது என்பது விதி. எனக்குப் பின்னால் ஒருவரும் மிச்சமில்லை என்பதும் தெரியும். முந்நூறு மீட்டர் தள்ளி முதலுதவிப் பந்தல் இருந்தது. ஒரு நர்ஸ் வெளியே நின்று கை தட்டி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தாள். கையைப் பின்னால் காட்டியிருந்தால் போதும், ஓடியிருப்பாள். நானும் சிரித்துக் கட்டை விரலை உயர்த்திவிட்டுப் போனேன். அவர்களுக்குத் தகவல் போய்ச் சேர ஒன்பது நிமிடம் ஆனதாகப் பிறகு சொன்னார்கள்.

இரண்டு மணிக் கொடியோடு ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் முடித்தேன். என் வாழ்க்கையிலேயே சிறந்த நேரம். ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். கேப்டன் கொடியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வாட்ச் கோளாறு என்றேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவன் இரண்டு நாள் இருந்தான். மறுநாள் சாயங்காலம் கொஞ்சம் நினைவு வந்தது. மனைவியையும் என்னையும் உள்ளே விட்டார்கள்.

"ஏன்டா ஓடுன? உடம்பு சரியில்லாம ஏன்டா ஓடுன?" என்று அவள் அழுதாள்.

"மாமா வேணாம்னுதான் சொன்னாரு அக்கா. நான்தான் கேக்கல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். துடிப்புப் பதிவைப் பார்க்க வாட்ச் எங்கே என்று டாக்டர் கேட்டதற்கு, வீட்டிலேயே விட்டுவிட்டேன் என்றான். எல்லாம் தெரிந்துதான் சொன்னான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.

அடுத்த நாள் காலையில் போய்விட்டான். மனைவி என் தோளில் சாய்ந்து, "நீங்க அவ்வளவு சொல்லியும் கேக்கலையே, பாவி" என்று அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். உறவுக்காரர்கள் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

கேப்டன் மட்டும் மூன்று நாள் கழித்துக் கடைக்கு வந்து, ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். ஓடும்போது மார்பில் குத்திக்கொள்ளும் எண் தாளில் ஒரு சிப் இருக்கும், ஒவ்வொரு மைல்கல்லிலும் நேரம் பதிவாகும். என் நேரம், அவன் நேரம், இரண்டையும் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார்.

"எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு" என்றார். "ஆனா அவனே உங்களைக் காப்பாத்திட்டுப் போயிருக்கான். அவன் வார்த்தைக்காகத்தான் நான் வாய மூடிட்டு இருக்கேன். எப்பேர்ப்பட்ட மனசுய்யா அவனுக்கு. நீங்களும் நானும் பக்கத்துல நிக்க முடியாது."

அன்றிலிருந்து தூக்கம் இல்லை. ஸ்டூலில் உட்கார முடியவில்லை. குற்ற உணர்ச்சி என்று நீங்கள் நினைக்கலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஆபத்து என்று தெரிந்தே வரச் சொன்னது நான். வாட்சைக் கழற்ற வைத்தது நான். கொடியை வைத்து ஏமாற்றி வேகமாக இழுத்துக்கொண்டு போய், விழுந்தவனை விட்டுவிட்டு ஓடியது நான். என் மச்சினனைக் கொன்றது நான். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாக ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன், அதையும் சேர்த்து எழுதுங்கள். சாகும்போது அவன் சொன்னது பொய். நான் வந்து சொல்வது உண்மை. இரண்டில் எது பெரிய மனசு என்று கேப்டனை ஒரு தடவை கேட்டுவிட்டு, அவர் சொல்கிற பதிலை எனக்குச் சொல்லுங்கள்.