இரண்டு வண்டிக்கு ஒரு மாஸ்டர் சிலிண்டர்

பழைய ஃபாரின் கார் வைத்திருப்பவர்களிடம் வேலை செய்வது சுகம். அவசரப்படுத்த மாட்டார்கள். சாமான் கிடைக்க ஆறு மாதம் ஆகும் என்றால் ஆறு மாதமும் காத்திருப்பார்கள், நடுவில் டீயும் வாங்கித் தருவார்கள்.

முடிச்சூர் ரோட்டில் 'சம்பந்தம் மெக்கானிக்' என்று போர்டு வைத்த என் ஷெட்டுக்கு ஒரே மாடல் ஜெர்மன் கார் இரண்டு வரும். ஒன்று மரக்கடை கரீம் பாயுடையது. மற்றது சேலையூர் சுந்தரராமன் சாருடையது. ரிடையர்டு ஹெட்மாஸ்டர், அவர் அண்ணன் விட்டுப்போன வண்டி. இரண்டிலும் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்துபோயிருந்தது. பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளி வண்டியை நிறுத்துவது அதுதான். புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளைச் சல்லடை போட்டுச் சலித்தும் கிடைக்கவில்லை. 2004இல் பாயின் மச்சான் துபாயிலிருந்து துணி சுற்றி ஒன்று கொண்டுவந்தார். ஒன்றே ஒன்று.

சாரின் முகம் வாடியதை என்னால் பொறுக்க முடியவில்லை. பாய் வெள்ளிக்கிழமை தொழுகைக்கு மட்டும்தான் வண்டி எடுப்பார். சார் ஞாயிற்றுக்கிழமை, மனைவி திரிபுரசுந்தரி அம்மாவோடு சிங்கப்பெருமாள் கோவிலுக்கு. அதனால் வியாழன் பாய் வண்டியில் மாட்டுவேன், சனிக்கிழமை கழற்றிச் சார் வண்டியில் மாட்டுவேன். சும்மா நிற்கிற வண்டிக்குப் பழையது. சர்வீஸ் என்று சொல்லிக்கொள்வேன். சாரிடம் அவருக்கும் தனியாக ஒன்று வந்துவிட்டது என்று சொல்லியிருந்தேன். இரண்டு வருடம் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பிறகு பாயின் மகள் தபஸ்ஸுமுக்கு ஊரப்பாக்கத்தில் நிக்காஹ் வைத்தார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"பொண்ணு நம்ம வண்டிலதான் வர்றா, சம்பந்தம். பாத்து ரெடி பண்ணிக் குடு," என்றார் பாய்.

சனிக்கிழமை சாரும் போன் செய்தார். "நாளைக்கு எங்க கல்யாண நாள். கோவிலுக்கு எடுத்துண்டு போலாமோல்லியோ?"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஹெட்மாஸ்டர், ஒரு கேள்வியோடு விடமாட்டார். இரண்டு வருடக் கதையும் வெளியே வந்துவிடும். கல்யாண வண்டியில் ஐந்து பேர், சார் வண்டியில் இரண்டு பேர். யாராக இருந்தாலும் நான் செய்ததைத்தான் செய்திருப்பார்கள். போய்ட்டு வாங்க சார் என்றேன்.

சார் வண்டி கூடுவாஞ்சேரியில் நின்றிருந்த தண்ணீர் லாரியின் பின்னால் போய் மோதியது. வண்டியின் இடது பக்கம் நசுங்கிவிட்டது. அம்மா அங்கேயே போய்விட்டார். சாருக்கு நெற்றியில் நான்கு தையல்.

வண்டியை என் ஷெட்டுக்கே இழுத்துவந்தார்கள். பிரேக்கைச் சோதிக்க மறுநாள் அதிகாரி வருவதாக இருந்தது. சாயங்காலம் பாய் வீட்டுக்குப் போய், கழுவித் தருகிறேன் என்று கல்யாண வண்டியை ஓட்டிவந்தேன். முதலில் மல்லிகைச் சரங்களை அவிழ்த்தேன். பிறகு நல்ல சிலிண்டரைக் கழற்றிச் சார் வண்டியில் மாட்டினேன். பழையது பாய் வண்டிக்குப் போயிற்று. அதிகாரி மிதித்துப் பார்த்து, பிரேக் சரி, ஓட்டியவர் தவறு என்று எழுதிக்கொண்டு போனார்.

சார் இன்றும் ஷெட்டுக்கு வருகிறார். வண்டியை விற்க அவருக்கு மனம் வரவில்லை. நசுங்கிய வண்டிக்குள் உட்கார்ந்து பெடலை மிதித்து மிதித்துப் பார்ப்பார்.

"அன்னிக்கு அடி வரைக்கும் போச்சேப்பா. இப்ப கல்லாட்டம் நிக்கறது. அப்ப நான் எதை மிதிச்சேன்? நான்தான் அவளைக் கொன்னுட்டேனா?"

"வயசானா கால் தடுமாறும் சார்," என்பேன். அவர் அழ ஆரம்பித்தால் டீ வாங்கிவரக் கிளம்பிவிடுவேன். அவர் வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பெடல் சத்தம் கேட்கிறது. யார் என்று எட்டிப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன்.

நல்ல சிலிண்டரை எடுத்துத் திரும்பவும் பாய் வண்டியில் போடலாம்தான். ஆனால் பெடல் இறங்கினால் சாருக்கு எல்லாம் புரிந்துவிடும். இந்த வயதில் அதை அவர் தாங்கமாட்டார். அவருக்காகத்தான் விட்டுவைத்திருக்கிறேன். பாய்க்குப் போன மாதம் பேத்தி பிறந்திருக்கிறாள். குழந்தையை வைத்துக்கொண்டு அவர் வேகமாக ஓட்டமாட்டார்.