கைக்குத் தெரிந்த உப்பு

அந்தப் பக்கம் உட்காருங்கள் ஹஜ்ரத், இங்கே புகை முகத்தில் அடிக்கும். எனக்குப் பழகிவிட்டது. அடுப்பு முன்னால் நிற்பதே என் பிழைப்பு. நோன்புக் கஞ்சி காய்ச்ச நெய்னா முகம்மது பண்டாரியை விட்டால் ஆள் இல்லை என்று பாபநாசம் வரைக்கும் பேச்சு. நானாகச் சொல்லிக்கொள்வதில்லை. யாராவது சொன்னால் மறுப்பதும் இல்லை, அவ்வளவுதான்.

கஞ்சியில் ஒரே சிக்கல் உப்பு. காய்ச்சுகிறவனும் நோன்பு, கிண்டுகிறவனும் நோன்பு. யார் ருசி பார்ப்பது? நுனி நாக்கில் வைத்துத் துப்பிவிடலாம், மார்க்கத்தில் இடம் உண்டு என்று இமாம் நீங்களே சொன்னீர்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. உப்பு என் கைக்கே தெரியும்.

இந்த வருஷம், பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற நம்ம முத்தவல்லி ஒரு காரியம் செய்தார். பள்ளிவாசலுக்குப் பின்னால் கோடை நடவு நட்டிருக்கும் மருதையனைக் கூப்பிட்டு, "நீங்க நோன்பு இல்லையே, கொஞ்சம் வாயில வச்சுப் பாத்துச் சொல்லுங்களேன்" என்றார். மருதையன் முழங்கால் சேற்றோடு வந்தார். ஒரு மடக்குக் குடித்துக் கண்ணை மூடினார்.

"அமிர்தம் பாய். உப்புதான் துளி கம்மியா இருக்குங்க."

என்னிடம் சொல்கிறார் ஹஜ்ரத், என் கஞ்சி தேக்சா பக்கத்திலேயே நின்றுகொண்டு.

நான் சண்டை போடவில்லை. துளி உப்புப் போட்டேன். அன்று நோன்பு திறந்தவர்கள், இப்படி ஒரு கஞ்சியைக் குடித்ததே இல்லை என்று தூக்குவாளியை நக்காத குறை. முத்தவல்லி மைக்கில் நன்றி சொன்னார். மருதையனுக்கு. அதற்கப்புறம், "மருதையன் பாத்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் சனங்கள் வாளியை நீட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை பயானில், ஷைத்தானாகிப்போன இப்லீஸ் கதையைச் சொன்னீர்களே. ஆதமை மண்ணால் படைத்து, இவருக்குப் பணி என்று அல்லாஹ் சொன்னபோது, நான் நெருப்பில் பிறந்தவன், இந்த மண்ணுக்கா பணிவேன் என்று நிமிர்ந்து நின்றானே. அந்தத் தலைக்கனத்தில் அவன் அத்தனை காலம் செய்த வணக்கமும் பாழாய்ப் போனதே. முதல் வரிசையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதவன் நான்தான். முத்தவல்லி இதைக் கேட்டுத் திருந்த வேண்டுமே என்ற கவலை எனக்கு.

மறுநாள் மருதையன் ருசி பார்த்து, "சரியா இருக்குங்க பாய்" என்று வரப்பேறியதும், ஒரு கை கல்லுப்பு அள்ளிப் போட்டேன். இன்னொரு கை சும்மா இருந்தது, அதற்கும் வேலை கொடுத்தேன். ஜாடியில் கொஞ்சத்தை மிச்சம் வைப்பானேன் என்று அதையும் கவிழ்த்தேன்.

நோன்பு திறக்க பாங்கு சொன்னார்கள். முதல் மடக்கில் பள்ளிவாசலே முகத்தைச் சுளித்தது. அப்புறம் எல்லாரும் தண்ணீருக்கு ஓடினார்கள். குடித்த தண்ணீர் சும்மா இருக்குமா? ராத்திரி தராவீஹ் தொழுகையில் வரிசை வரிசையாக ஆள் கழன்றது. கடைசியில் உங்கள் பின்னால் நானும் முத்தவல்லியும்தான்; அவரும் கால் மாற்றி மாற்றி நின்றார். நான் பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டது நல்லதாய்ப் போயிற்று.

மருதையன் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்தார். கையைக் கூப்பியபடி வந்தார்.

"மன்னிச்சிருங்க பாய். என் நாக்கு செத்துப்போச்சு போலருக்கு. நாளெல்லாம் பட்டினி கெடந்தவங்க வாயில மண்ணப் போட்டுட்டனே."

வெற்றிலையை விட்டுவிட்டார். டாக்டரிடம் நாக்கை நீட்டிக் காட்டினாராம். நாக்கில் ஒன்றுமில்லை என்று சொல்லியும் நம்பவில்லை. சம்சாரம் ஆனந்தவல்லி குழம்பை ஊற்றினால், "உப்பு இருக்கா இல்லையான்னு நீயே சொல்லிரு" என்று சோற்றுக்கு முன்னால் அழுகிறாராம். நாக்கு நல்லா இருந்தால் கோளாறு மூளையில்தான் என்று நாளைக்குத் தஞ்சாவூருக்குத் தலையை ஸ்கேன் எடுக்கப் போகிறார். கேட்டதும் மனசு கேட்கவில்லை, உங்களைக் கூப்பிட்டேன். உப்பைப் போட்டது நான்தான். அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பாவும் செய்துவிட்டேன், நல்லா அழுதே செய்தேன்.

என்ன சொன்னீர்கள்? மனுஷனுக்குச் செய்த தப்பை அந்த மனுஷன்தான் மன்னிக்க வேண்டுமா? நானே அவர் வயலுக்குப் போய்த் தலை குனிந்து கேட்க வேண்டுமா?

வேறு எது சொன்னாலும் செய்கிறேன். பெருநாள் முடிந்தும் நோன்பு வைக்கிறேன், பள்ளிவாசலைக் கூட்டுகிறேன். ஆனால் நீங்களே யோசியுங்கள் ஹஜ்ரத். அவர் நாளெல்லாம் மண்ணில் கிடப்பவர். நான் நெருப்பில் நிற்பவன். நான் போய் அவருக்குப் பணிவதா?

ஏன் ஹஜ்ரத், இன்னும் தள்ளிப் போகிறீர்கள்? அங்கேயும் புகை வருகிறதா?