கசிவு எந்தப் பக்கம்

— இன்னொரு தடவை ஊது, மாப்ளே. மெதுவா.

— ஊதி ஊதிக் கன்னம் வலிக்குது, மச்சான். வாளித் தண்ணியில ஒரு குமிழி வரலை. டேங்க் நல்லாத்தான் இருக்கு. விடு அதை.

— பாப்போம். அந்த மூலையில பத்த வச்ச இடமும் முங்கட்டும்.

— முங்கிருச்சு. ஒண்ணும் இல்லை. ஃபைனலுக்கு நாப்பது நிமிஷம்தான் இருக்கு, மெர்வின். டெக்சாஸ்காரனுங்க இன்ஜினையே சூடு பண்ண ஆரம்பிச்சுட்டானுங்க. நீ என்னடான்னா குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி டேங்கைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கே.

— காலையில தரையில ஓடவிட்டப்ப என்ன கேட்டுச்சு உனக்கு?

— உனக்குக் கேட்டதுதான் எனக்கும். முதல்ல ஒழுங்கா ஓடிச்சு. அப்புறம் எண்ணெய் பத்தாத மாதிரி கீச்சுன்னு கத்திட்டு நின்னுபோச்சு. பின்பக்கக் கட்டை பூரா எரிபொருள்ல கலந்த விளக்கெண்ணெய்ப் பிசுக்கு.

— அதான். எண்ணெய் வெளிய வர்ற வழியில காத்து உள்ள போகுது. அந்த வழி எதுன்னு தெரியாம எப்படி மாப்ளே இந்தக் குட்டி விமானத்தை மேல ஏத்தறது?

— டியூப்பாத்தான் இருக்கும். மாத்திடு. சட்டுனு மாத்து.

— டியூப்பை வளைச்சுப் பாத்தேன். கீறல் இல்லை. இருந்தாலும் மாத்தறேன். இந்தா, கத்தரி குடு. எண்ணெய் அளவை மாத்தற ஊசித் திருகுக்கு அடியிலயும் ஒரு துண்டு ரப்பர் மாட்டிடறேன், அங்க கசிஞ்சா அடைச்சுக்கும்.

— சரியாப் போச்சு. இப்ப ஸ்டார்ட் பண்ணுவோம்.

— இரு. இன்ஜினை இன்னும் பாக்கலையே.

— இன்ஜின்ல ஒண்ணும் இல்லை.

— எப்படித் தெரியும்?

— தெரியும். பதினோரு வருஷமா நடுவுல நின்னு கம்பியைப் பிடிச்சு, அதோட நானும் சுத்தி இந்த வண்டியைப் பறக்கவிடறேன், எனக்குத் தெரியாதா. இந்த ஒஹையோவுல ஒரு சோளக்காடு பாக்கியில்லாம எல்லாப் பக்கமும் போய் வட்டம் சுத்தியாச்சு. உன் தங்கச்சி லொரெய்ன் எங்க கல்யாண நாளைக்கூட மைதானத்துலதான் கொண்டாடினா. இன்னைக்கு ஜெயிச்சா நாட்டுக்காக ஐரோப்பா போறோம், மச்சான். நீயும் நானும். இந்த நேரத்துல ஸ்க்ரூ ஸ்க்ரூவாக் கழட்டணுமா?

— கழட்ட வேண்டாம். வாய்ப்பக்கத்தையும் புகைபோற பக்கத்தையும் ரப்பர் வச்சு அடைச்சிட்டு, தண்ணிக்குள்ள பிடிக்கறேன். நீ இந்தக் குழாய்ல ஊது.

— நீயே ஊதிக்கோ.

— என் மூச்சு பத்தாது. சிகரெட் மூச்சு. ஊது, மாப்ளே.

— சரி, ஊதறேன். பாரு.

— பாத்தியா. பின்மூடிக்கிட்ட. சரம் சரமா வருது.

— நாலு ஸ்க்ரூவையும் முறுக்கு. லூசா இருக்கும்.

— முறுக்கிட்டேன். திரும்ப ஊது. ம். நிக்கலை. ஸ்க்ரூ பக்கம் இல்லை, நடுவுல இருந்து வருது. கழட்டறேன்.

— மணியைப் பாரு.

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இந்தா, வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. மயிரிழை மாதிரி ஒரு விரிசல். மூடி பாதி வரைக்கும் ஓடுது.

— பழைய மூடி. தேஞ்சு விட்டிருக்கும். பெட்டியில புதுசு ஒண்ணு இருக்கு, அஞ்சு நிமிஷ வேலை.

— தேய்ஞ்சா இப்படி விடாது. வண்டி மூக்கால தரையில குத்தினா இன்ஜின் பின்னால தள்ளும், மூடி கட்டையில இடிக்கும், அப்பத்தான் இப்படி விடும். போன ஞாயித்துக்கிழமை செமிஃபைனல் முடிஞ்சு நான் கழட்டித் துடைச்சப்ப இந்த மூடி முழுசா இருந்துச்சு. அதுக்கப்புறம் வண்டி உன் வீட்டுலதான் இருந்துச்சு.

— காத்து. வியாழக்கிழமை பள்ளிக்கூட மைதானத்துல கொஞ்சம் சுத்தினேன். காத்து தள்ளிடுச்சு.

— வியாழக்கிழமை பக்கத்து வீட்டுப் புகைகூட நேரா மேல போச்சு. நான் வேலியில பெயின்ட் அடிச்சுக்கிட்டிருந்தேன்.

— என்ன விசாரணை இது. நீ மெக்கானிக்கா, போலீஸா?

— புது மூடியை மாட்டிக்கிட்டே கேக்கறேன், கை வேலை நிக்கலை. நீ சொல்லிக்கிட்டே இரு.

— சொல்ல ஒண்ணுமில்லை.

— சரி. இந்த ஸ்க்ரூவைப் பிடி. வியாழக்கிழமை என்ன ஆச்சு, டெல்?

— முப்பது சுத்து இருக்கும், மச்சான். நல்லாத்தான் போச்சு. திடீர்னு நான் நின்னுட்டேன், மைதானம் மட்டும் சுத்துது. எது வானம் எது புல்லுன்னு தெரியலை. கண்ணைத் திறந்தா முழங்கால்ல இருக்கேன். லொரெய்ன் தோளைப் பிடிச்சு உலுக்கறா. கம்பிக் கைப்பிடி கையில இல்லை. வண்டி வேலிக்கிட்டக் கிடக்கு.

— முதல் தடவையா?

— மூணாவது. டாக்டர் காதுக்குள்ள என்னமோ கெட்டுப்போச்சுங்கறார். சுத்தவே கூடாதாம். ராட்டினத்துல ஏறாதேங்கற மாதிரி சாதாரணமாச் சொல்றார். லொரெய்ன்கிட்ட நான் சத்தியம் வாங்கிட்டேன், உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு.

— ம்.

— ஏழு நிமிஷம்தான், மச்சான். ஏழு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னுடுவேன். ஒரே ஒரு ரேஸ்.

— நடுவுல எத்தனை பேர் நிப்பீங்க?

— தெரியாத மாதிரி கேக்காதே.

— சொல்லு.

— மூணு பேர். தோளோட தோள் இடிச்சுக்கிட்டு.

— சுத்தி வெளிய?

— நீங்க மூணு மெக்கானிக். வண்டியைப் பிடிக்கக் குனிஞ்சுக்கிட்டு.

— நீ கைப்பிடியை விட்டா அது என்ன வேகத்துல வரும்?

— நூறு மைல். போதும், மெர்வின்.

— மூடி மாட்டியாச்சு. ஊதிப் பாத்துட்டேன், ஒரு குமிழி இல்லை. வண்டி தயார். இந்தா கைப்பிடி. வாங்கிக்கோ.

— உன்னை இடிச்சா என்ன பண்ணுவேன்னு மூணு நாளா யோசிக்காம இருக்கப் பாக்கறேன், மச்சான். முடியலை. வேண்டாம். எடுத்து வச்சுடு.

— நிஜமாவா?

— நிஜமாத்தான். நான் நடுவர் மேஜைக்குப் போறேன். இப்பச் சொன்னாத்தான் நாலாவதா வந்த ஜோடிக்கு நம்ம இடம் கிடைக்கும். ஆனா என்னன்னு சொல்றது? தலை சுத்துதுன்னு சொன்னா, பதினோரு வருஷமா என்னைப் பாத்தவனுங்க பாவம்னு பாப்பானுங்க. அதுதான் தாங்காது.

— உக்காரு, மாப்ளே. லொரெய்ன் நேத்தே போன்ல அழுதுட்டா. எட்டரை மணிக்கே நடுவர் மேஜையில பட்டியல்ல இருந்து நம்ம பேரை அடிச்சுட்டு, காரணம் 'இன்ஜின் கசிவு'ன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் உன் பக்கத்துல வந்து உக்காந்தேன்.