தாழம்பூ அணியில் ஒருத்தி

தலைமையிருக்கையை அணிசெய்யும் கதிரவேலு ஐயா அவர்களே, பங்குத்தந்தை கிறிஸ்துநாயகம் அடிகளாரே, கொழும்புத்துறைக் கடலோரத்துத் தாய்மாரே, தந்தையரே, முன்வரிசையில் கண்ணைத் துடைத்தபடி இருக்கும் லூர்த்தம்மா அக்காவே, சீருடையில் நிமிர்ந்து நிற்கும் என் சாரணியச் செல்வங்களே! உங்கள் பொறுப்பாசிரியை சுபாஜினி தலைவணங்குகிறேன்.

சாரணியம் என்றால் என்ன? சத்தம் போட்டு அணிநடை போவதா? இல்லை! சின்னஞ்சிறுசுகள் சின்னத் தோழியராய்ச் சேருவார்கள். பத்து வயதானால் சாரணியர். அறுவர் எழுவராய்ப் பிரித்து அணியாக்குவோம். அணிக்கு ஒரு தலைவி, தலைவிக்கு ஒரு கொடி, கொடிக்கு ஒரு பூ. அந்தப் பூவைத் தெரிவுசெய்வது பிள்ளைகளின் உரிமை. செவ்வரத்தை என்றார்கள், மல்லிகை என்றார்கள். லூர்த்தம்மா அக்காவின் மகள் ஜெனிற்றா, "ரீச்சர், எங்கடை அணிக்குத் தாழம்பூ. கரையிலை அதுதானே மணக்குது" என்றாள்.

போன ஆடியில் கொடிகாமத்துப் பாசறை முடிந்து திரும்பினோம். வழியில் கதவில்லாத ரயில் கடவை. முன்னே ஓடிய இரண்டு சின்னத் தோழியரை இழுத்துத் தள்ளிவிட்டாள் ஜெனிற்றா. அவர்கள் தப்பினார்கள். எங்கள் பிள்ளை தப்பவில்லை. பதினான்கு வயது ஐயா, பதினான்கே வயது!

முப்பத்தோராம் நாள் பூசை முடியுமுன்னரே கதை கிளம்பியது. "தாழம்பூ சிவனுக்கு ஆகாத பூ. அதை ஆர் கொடியிலை வைக்கச் சொன்னது?" ஒருவர் பின் ஒருவராகப் பிள்ளைகளை வேறு அணிக்கு மாற்றினீர்கள். அதோ பாருங்கள், நிவேதனா மட்டும் தனியே கொடி பிடித்து நிற்கிறாள்.

பின்னால் யார் அது? சுதாகரன் அண்ணையா? "பேரை மாத்தினால் சரிதானே" என்கிறீர்கள். ஓம், இன்றைய தீர்மானமும் அதற்குத்தான். பெயரை மாற்றினால் கடவைக்குக் கதவு முளைக்குமா? பூவா ரயிலை ஓட்டியது? பூவா கதவு போடாமல் விட்டது? கதவு கேட்கப் போவோம் வாருங்கள் என்று நான் அழைத்தபோது, எத்தனை பேர் வந்தீர்கள்? பூவைத் திட்டுவது சுகம், அண்ணை. பூ திருப்பிக் கேள்வி கேளாது.

நேற்று லூர்த்தம்மா அக்கா என் கையைப் பிடித்தார். "ரீச்சர், அவள் வைச்ச பேரையும் எடுத்தால், என்ரை பிள்ளையிலைதான் பிழை எண்டு ஆகிடுமே" என்றார். இந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்லப்போகிறோம்?

என் மகள் வித்தியாவுக்குப் பத்து வயது. இன்று உறுதிமொழி எடுக்கிறாள். எந்த அணி என்று கேட்டேன். எனக்கும் பயம்தான், மறைக்கமாட்டேன். "நிவேதனா அக்கா தனிய நிக்கிறா அம்மா" என்றாள்.

வித்தியா, போய் அவளுக்குப் பக்கத்தில் நில்.

இனி வாக்கெடுங்கள், ஐயா. அந்தப் பெயரை அழிக்க விரும்புகிறவர்கள், இந்த இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு கையை உயர்த்துங்கள்.

பொறுத்திருந்து கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும் என் நன்றி, என் வணக்கம். லூர்த்தம்மா அக்கா, உங்கள் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை.